கொல்லையில் மோட்டார் கூப்பிடுகிறது

பெரிய வியாழக்கிழமை காலையில், முகம்கூடக் கழுவாமல் அருள்ராணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, வரப்பு தாண்டிக் கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடியது.

முதலில் உர்ரென்று ஒரு இழுப்பு, அப்புறம் கொஞ்ச நேரம் வறட்டு முனகல், அப்புறம் குழாய் நிறைந்து சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். நின்றது. தொட்டியில் கடைசிச் சொட்டு விழுவதற்குள் மறுபடி ஓடியது. நின்றது. மூன்றாம் தடவை ஓடியபோது நிற்கவில்லை.

அவள் எழுந்துவிட்டாள். அடுப்படிக்குப் போய், தூக்குவாளியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கூழ்ப்பானையின் மூடியைத் திறந்த பிறகுதான் பானை காலியாக இருப்பது கண்ணில் பட்டது. சாவு வீட்டில் யார் கூழ் காய்ச்சுவார்கள்? அவள் புருஷன் சவுரிராயனைப் புதைத்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தொண்ணூற்று மூன்றில் அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, காணையைச் சுற்றியுள்ள எல்லாக் கொல்லைகளிலும் போல இங்கேயும் கையால் போடுகிற ஸ்டார்ட்டர்தான். த்ரீபேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் சவுரிராயன் விழுப்புரத்துக் கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்து மாட்டவைத்தார். சிம் கார்டு போட்ட பெட்டி. செல்போனிலிருந்து அதற்கு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. பங்குச் சாமியார்கூட வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். இரண்டாம் மாதம் அப்படி ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. பெட்டிமேல் ஒட்டடை படிந்தது, பல்லி முட்டையிட்டது, வாங்கி வந்தவரே அதன்மேல் மல்லாட்டைக் கடலைச் சாக்கைச் சாத்தி வைத்தார். மோட்டார் தானாக ஓடுகிறது, தானாக நிற்கிறது, அவ்வளவுதான். காலையில் சூரியனை யார் போட்டது என்று யாராவது கேட்கிறார்களா?

அவருடைய போனும் அப்படித்தான் ஆகிவிட்டது. பட்டன் வைத்த சின்னப் போன், எப்போதும் சட்டைப் பாக்கெட்டில் கிடக்கும். அஞ்சாம் நம்பர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் நேரே மோட்டாருக்கு ரிங் போகும்படி கடைக்காரர் செய்து கொடுத்திருந்தார். அந்த ஒரு பட்டனில் மட்டும் எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். சவுரிராயன் போனை வெளியே எடுக்கவே மாட்டார். பேசிக்கொண்டே, நெஞ்சைத் தடவுகிறவர் போலச் சட்டைத் துணிக்கு மேலேயே கட்டைவிரலால் அமுக்குவார். அங்கே கொல்லையில் மோட்டார் ஓடும்.

அருள்ராணிக்கும் ஒரு போன் இருந்தது. அது அரிசி டின்மேல் கிடக்கும். அடித்தால் எடுக்க மாட்டாள், பாதி நாள் சார்ஜ் இருக்காது. திட்டித் திட்டிப் பார்த்துவிட்டு அவர் வேறு வழி கண்டுபிடித்தார். கொல்லையில் பசித்தாலும் சரி, மூட்டை தூக்க ஒரு கை வேண்டியிருந்தாலும் சரி, மோட்டாரை ஓட்டி நிறுத்துவார், ஓட்டி நிறுத்துவார், மூன்றாம் தடவை ஓடவிட்டுவிடுவார். "வா" என்று அர்த்தம். வரப்பில் அவள் தலை தெரிந்த பிறகுதான் நிறுத்துவார். அவள் அசமந்தமாக நடந்து வந்தால் தொட்டி வழிந்து கொல்லையெல்லாம் சேறாகும், அதற்கும் அவளுக்குத்தான் திட்டு. அடுத்த கொல்லைக்காரி வீரம்மாளுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். போகிற வழியில் வாசலில் தலையை நீட்டி, உன் மாப்பிள்ளை மோட்டாரில் கூப்பிடுகிறார், போ போ என்று கேலி செய்துவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கொல்லையிலிருந்து வந்து, கரும்புச் சோகைக்குள் காலில் ஏதோ முள் குத்தினாற்போல இருந்தது என்றார். விளக்கில் பார்த்தாள். பல் தடம் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். விடிகிற நேரத்தில் எழுப்பினால் கண்ணிமை மேலே தூக்கவில்லை, நாக்கு குழறியது, கொஞ்ச நேரத்தில் குழறலும் நின்றுவிட்டது. வேன் வைத்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ ஒரு கிளினிக் வாசலில் டாக்டர் வேனுக்குள்ளேயே ஏறிக் குனிந்து, கண்ணில் டார்ச் அடித்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, முடிந்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்புறம் எல்லாமே ஓட்டம்தான். கொழுந்தன் மரியஅந்தோணிக்கு ஒரே கவலை, மறுநாள் பெரிய வியாழன். வியாழன் சாயங்காலத்திலிருந்து ஈஸ்டர் முடிகிறவரை அடக்கத்துக்குப் பூசை கிடையாது. பூசையில்லாமல் எங்கள் அண்ணனை அனுப்ப மாட்டேன் என்று சாமியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்று சாயங்காலத்துக்கே நேரம் வாங்கிவிட்டான். ஐஸ் பெட்டிக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் எடுக்கப்போகிற உடம்புக்கு எதற்கு, கரண்ட்டும் இல்லை. குளிப்பாட்டும்போது கை சொன்னபடி மடங்கியது. உடம்பு விறைக்கவே இல்லை பார் என்று ஒருத்தி சொன்னாள். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன், அதனால்தான் என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்டு எல்லோரும் இன்னும் கொஞ்சம் அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டார்கள். அருள்ராணிதான் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டாள். ஜெபமாலையை விரல்களில் சுற்றி, இரண்டு கையையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தாள். சட்டைப் பாக்கெட் தட்டையாகக் கிடந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாக்கெட்டை வெறுமையாக அவள் பார்த்ததே கிடையாது. ஆணியில் தொங்கிய பழைய சட்டையிலிருந்து போனை எடுத்து உள்ளே வைத்தாள். அதைப் போன் என்றே அவள் அப்போது நினைக்கவில்லை. கண்ணாடி மாதிரி அதுவும் அவருடையது, அவ்வளவுதான். சுற்றி நின்றவர்களும் நினைக்கவில்லை. பிறகு மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் வீரம்மாள் வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் அவள் வாய் அந்தக் கேலிக்குத் திறந்து, பாதியிலேயே முகம் வெளுத்துப்போனதை அருள்ராணி பார்த்தாள். வீரம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அருளு, நான் சொல்றத கேளு" என்றாள் மெதுவாக. "கூப்புட்டா ஏன்னு கேட்டுடாத. அந்தப் பக்கமே போவாத. ஆசையில கூப்புடும். போனா நம்மளயும் இஸ்துகினு பூடும்."

இது அருள்ராணிக்கும் தெரிந்ததுதான். செத்தவர் கூப்பிட்டால் பதில் கொடுக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. இதையெல்லாம் நம்புவது பாவம் என்று சாமியார் வருடத்துக்கு ஒரு தடவை பிரசங்கம் வைப்பார். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்து எல்லோரும் நம்புவார்கள்.

மரியஅந்தோணி நம்புகிற ஆள் இல்லை. அவனுக்குச் சலிப்புதான் வந்தது. பெட்டியை அண்ணன் ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார், கரண்ட் வந்தால் அதுவாகவே ஓடும், வோல்டேஜ் கம்மியானால் நின்று நின்று ஓடும், ஊரிலே பாதி மோட்டார் அப்படித்தான் ஓடுகிறது, நீங்கள் வேறு பேஜாரு பண்ணாதீர்கள் அண்ணி என்றான். நேரே கொல்லைக்குப் போய் ஆட்டோ சுவிட்சைத் தட்டிவிட்டு, மோட்டாரையும் நிறுத்திவிட்டு வந்தான். வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, இனிமேல் ஓடாது என்றான். சொன்ன விதத்தில் அருள்ராணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மெஷின் விஷயம், ஆம்பிளைகளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஊரே பாதம் கழுவும் பூசைக்குப் போயிருந்தது. அவள் போகவில்லை. பூசை நடுவிலிருந்து கோயில் மணி கட்டப்பட்டுவிடும், சனிக்கிழமைப் பூசைவரை மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இருட்டிய வீட்டுக்குள் சாம்பிராணி வாசனையும் வாடிய சம்பங்கி வாசனையும் ஒன்றாகக் கலந்து நிற்க, கரண்ட் இல்லாமல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி சவுரிராயன் போட்டோவின் கீழே எரிய, தூரத்தில் அந்தக் கட்டைச் சத்தம் டொக் டொக்கென்று தெருத்தெருவாக வந்தது. மூடின கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது அது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டது.

மோட்டார் ஓடியது. நின்றது.

ஓடியது. நின்றது.

ஓடியது.

கூட இருந்த வீரம்மாள் தன் நெற்றியிலிருந்து விபூதியை வழித்து அருள்ராணியின் நெற்றியில் வைத்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மறுபடி கரண்ட் போன பிறகுதான் அது ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவைப்பாதைக்கு மரியஅந்தோணி அவளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனான். வீட்டிலேயே முடங்கிக் கிடந்தால் இப்படித்தான் காதில் கண்டதும் கேட்கும் என்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரைச் சுற்றி வந்த கூட்டம் கல்லறை கேட்டுக்கு முன்னால் சிலுவைப்பாதையின் ஒரு ஸ்தலத்துக்கு முட்டிபோட்டது. கல்லறையை ஒட்டியே ஊர்க்காரர் சின்னதுரையின் நிலம், அதில்தான் செல்போன் டவர் நிற்கிறது. அதன் நிழல் கோடு கோடாகப் புது மண்மேட்டின்மேல் விழுந்திருந்தது. மாலைகள் கருகி, எறும்பு மொய்த்துக் கிடந்தன. ஜெபம் முடிந்து ஒரு நிமிஷம் மௌனம். கைக்குழந்தைகூட அழவில்லை. அந்த மௌனத்துக்குள், வயல்களுக்கு அப்பாலிருந்து, மோட்டார் கேட்டது. ஓடி நின்று, ஓடி நின்று, ஓடியது.

பக்கத்தில் முட்டிபோட்டிருந்த மரியஅந்தோணிக்கும் கேட்டது. அவன் தலையைத் தூக்கவில்லை. காதுமடல் சிவந்திருந்தது.

அவளுக்கு என்ன தோன்றியது என்றால், போய் அந்த மண்மேட்டில் படுத்து அழ வேண்டும். ஒரு எட்டுதான். ஆனால் அங்கிருந்து அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஏன் என்று கேட்கக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து கூட்டத்தோடு நடந்துவிட்டாள்.

சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கொல்லைக்குப் போனாள். பயந்து பயந்து சாவதைவிட ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு. மோட்டார் கொட்டாய்க்குள் கிரீஸ் நாற்றமும், எலிப்புழுக்கையும், பழைய சாக்கின் மக்கல் வாசனையும், கொடியில் அவர் தொங்கவிட்ட துண்டின் வியர்வை வாசனையும் இருந்தன. வெளியே கரும்புச் சோகை ஒன்றோடொன்று உரசி யாரோ ரகசியம் பேசுவதுபோலச் சரசரத்தது. அவள் சாக்கை விலக்கினாள். பல்லி ஓடியது. பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. மத்தியானம் ஓடியதை யாரோ வந்து நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோ சுவிட்ச், மரியஅந்தோணி தட்டிவிட்டபடியே, கீழே இருந்தது. அவள் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து விறைத்திருந்தது.

பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது.

டக் என்றது. காலடியில் மோட்டார் உறுமியது.

யாரும் இல்லை. அவள் மட்டும்தான்.

டக். நின்றது.

பச்சை. டக். ஓடியது. இந்தத் தடவை நிறுத்துவதற்கு வெகுநேரம் ஆயிற்று. விரலுக்குத் தெம்பில்லாதவர் அமுக்குவது மாதிரி. டக். நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்து அதுவும் நின்றது. போய்விட்டார் என்று அவள் நினைத்தாள். மூச்சு விட்டாள்.

பச்சை விளக்கு மினுக்கியது.

"வுட்டுடுங்க" என்று அவள் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். "கைய எடுத்துக் கும்புடுறேன், என்ன வுட்டுடுங்க. எனக்கு பயமா இருக்குது. நான் வர மாட்டேங்க."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எட்டிப் ப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மோட்டார் இறங்கி, முனகி, அடங்கியது. கழுத்திலிருந்த மாதா படம் போட்ட உத்தரியத்தைக் கழற்றிப் பெட்டியின்மேல் மாட்டினாள். ப்யூஸ்களை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, புதன்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். சனிக்கிழமை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. வீரம்மாள் கொடுத்த சோற்றைக்கூடச் சாப்பிட்டாள். நல்ல காரியம் பண்ணினே என்று வீரம்மாள் சொன்னாள். அருள்ராணிக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை நன்றாக இருட்டின பிறகு, பெட்டியை மாட்டிக்கொடுத்த விழுப்புரத்துக் கடை மெக்கானிக் கோகுலகிருஷ்ணன் பைக்கில் வந்தான். மரியஅந்தோணிதான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தான். மல்லாட்டைச் செடி தண்ணீரில்லாமல் காய்கிறது, பெட்டியில் மரியஅந்தோணியின் நம்பரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு வர மெக்கானிக்குக்கு நேரமாகிவிட்டது. அதற்குள் ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போய்விட்டது. சாமியாருக்கு அன்று மூன்று ஊர்ப் பூசை, இவர்கள் ஊர் சின்ன ஊர் என்பதால் ஈஸ்டர் ராத்திரியின் பாஸ்காப் பூசையை இருட்டினதுமே ஆரம்பித்துவிடுவார். ப்யூஸ் அருள்ராணியின் முந்தானையில் இருந்ததால் அவள்தான் கூடப் போக வேண்டியிருந்தது.

ப்யூஸை யார் பிடுங்கியது என்று கேட்டான். நான்தான் என்றாள். ஏன் என்று கேட்டான். வெளியூர்ப் பையன், சிரித்தால் சிரிக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. ப்யூஸ்களை மாட்டிக்கொண்டே கேட்டான், மாட்டி முடித்துச் செல்போன் வெளிச்சத்தில் சுவிட்சைப் பார்த்தான்.

"ஆட்டோ ஆஃப்ல தானேக்கா இருக்குது" என்றான். "இப்படி இருந்தா கரண்ட் வந்தாலும் ஓடாது. ரிங் வந்தாத்தான் ஓடும்."

"யாரு ரிங்கு?"

"இதுல உங்க வீட்டுக்காரரு நம்பரு ஒண்ணுதான் போட்டுக்கீறோம். வேற யாரு அடிச்சாலும் எடுக்காது." அவன் உத்தரியத்தை மெதுவாக எடுத்து அவளிடம் கொடுத்தான். "இது பேய்க்கெல்லாம் ஓடாதுக்கா. கைய வெச்சி யாராச்சும் பட்டன அமுக்கணும். அந்த போனு யாருகிட்ட இருக்குது?"

யாராச்சும். கையை வைத்து. நெஞ்சின்மேல் அவள்தான் அந்தக் கைகளைச் சேர்த்து வைத்தாள். சொன்னபடி மடங்கிய கைகள்.

அவன் தன் போனிலிருந்து அந்த நம்பரை அடித்தான். ஸ்விட்ச் ஆஃப் என்று வரும் என்று அவள் நினைத்தாள். வர வேண்டும் என்று மாதாவை வேண்டினாள்.

"ரிங் போவுதே" என்றான்.

ரிங் போனது. கொட்டாய்க்கு வெளியே தவளைகள் கத்தின. கரும்பு சரசரத்தது. ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

"எடுத்துட்டாங்க. ஹலோ? ஹலோ, யாருங்க? பேச மாட்டேங்குறாங்கக்கா." அவன் போனை அவளிடம் நீட்டினான்.

அவள் இடது காதில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்டாற்போல ஓர் அடைப்பு. துணி உரசுகிற சத்தம். அப்புறம் மர மணிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சின்னச் சத்தம். ஜெபமாலை.

அந்த நேரத்தில் கோயிலில் உன்னதங்களிலே என்று தொடங்கும் பாட்டை எடுத்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து கட்டிக் கிடந்த மணியை அவிழ்த்து அடித்தார்கள். வயல்களைத் தாண்டி வந்து அவள் வலது காதில் மணி கேட்டது.

இடது காதிலும் கேட்டது.

போனுக்குள். அதே மணி. அதே அடி. மூட்டைக்குள் கட்டிப் போட்டாற்போல அமுங்கி, மண்ணுக்கு அடியிலிருந்து. அதன் நடுவே ஒரு மூச்சு. உள்ளே இழுக்கிறது. வெளியே வரவில்லை. உள்ளே இழுக்கிறது.

லைன் கட்டாயிற்று.

பச்சை விளக்கு மினுக்கியது. கோகுலகிருஷ்ணன் பெட்டியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பின்னால் நகர்ந்தான். டக். ஓடியது. டக். நின்றது. டக். ஓடியது.

வெகுநேரம். வெகுநேரம்.

டக். நின்றது.

"அக்கா" என்றான். "அந்த போனு எங்க இருக்குது?"

அவள் மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்துவிட்டாள். ஒரு ராத்திரி. ஒரு பகல். ப்யூஸ் அவள் முந்தானையில் இருந்தபோது எத்தனை தடவை அமுக்கியிருப்பார்? வேறு எந்தப் பட்டனும் இருட்டில் தெரியாமல், விரலுக்குத் தெரிந்த அந்த ஒன்றையே, பெண்டாட்டி வருவாள் என்று.

"வர்றேங்க" என்றாள். "வந்துக்கினே இருக்கேங்க."

டக். மூன்றாம் தடவை ஓடியது.

வரப்பில் ஓடினாள். பின்னால் கோகுலகிருஷ்ணன் அந்த நம்பரை மறுபடி அடித்தபடியே வந்தான், ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று பொறுமையாக, மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. ஆண்டவர் உயிர்த்தார் என்று பாடினார்கள். அவள் கல்லறை கேட்டைத் தள்ளி, கருகிய மாலைகளை வாரி எறிந்துவிட்டு, மண்மேட்டில் முட்டிபோட்டு வெட்டினாள்.

ஒரு வெட்டு. நிறுத்திக் காதைக் கொடுத்தாள். தலை தெரிந்தால் நிறுத்துவார். எப்போதும் நிறுத்துவார். இன்னொரு வெட்டு. மறுபடி கேட்டாள். தொட்டி வழிந்து, வாய்க்கால் வழிந்து, கொல்லையெல்லாம் சேறாகிக்கொண்டிருக்கும். திட்டுவார்.

வெட்டினாள். கேட்டாள்.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.